பனிவண்டி நாய்க்கு நஞ்சு வைத்தது யார்

1

ஆடி அமாவாசை இங்கே நடுக் குளிர்காலத்தில் வரும். வெயில் மண்டையைப் பிளக்க, யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியில் முழுகி எழும்புகிற உங்களுக்கு இது விளங்காது. மெல்பேர்னில் அப்பாவுக்கு விரதம் பிடிக்கிறவன் வெந்நீரில் குளித்து, வேட்டிக்குள் கம்பளிக் காற்சட்டை போட்டுக்கொண்டு கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகவேண்டும். ஐயரும் வேட்டிக்குள் அப்படி ஏதோ போட்டிருக்கிறார் என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம்.

சந்தேகப்படுவது எனக்குப் புதிதல்ல. ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரிசையில் வருகிற பக்கற் ஒன்றை எடுத்துப் பிரித்து, இது ஏன் இப்படி இருக்கிறது, இதற்குள் யார் என்ன செய்தார்கள் என்று கேட்பதுதான் வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தந்தார்கள். இப்போது பிஸ்கட் இல்லை, சம்பளமும் இல்லை, கேள்வி மட்டும் நின்றுவிட்டது. "உங்களுக்கு யாரும் பிழையா நம்பர் அமத்தி ரெலிபோன் எடுத்தாலும் சதி எண்டு நினைப்பீங்கள்" என்பாள் என் மனைவி பவானி. பிழையான நம்பர் என்று சொல்லித்தானே இன்றைக்கு எத்தனை பேருடைய வங்கிக் கணக்கைத் துடைக்கிறார்கள்?

இந்த வருட ஆடி அமாவாசை வந்து போய்விட்டது. அதற்கு மறுநாள் நான் செய்த காரியம் மட்டும் இன்னும் போகவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நாய்களில் தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

2

என்னுடைய ஒரே பிள்ளை ஆரணி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. எங்களோடுதான் இருக்கிறாள். அதாவது அவளுடைய கட்டிலும் காரும் எங்களோடு இருக்கின்றன. அவளிடம் இரண்டு நாய்கள். சைபீரியாப் பக்கத்துச் சாதி, பனியில் வண்டி இழுக்கப் பிறந்தவை. ஓநாய் மாதிரி முகம், அதில் நீலக் கண். வெள்ளைப் பெட்டைக்குப் புட்டு என்று பெயர் வைத்தாள். செம்பட்டை நிறக் கடுவனுக்குச் சம்பல். கேட்கிற வெள்ளைக்காரருக்கு ஒன்றும் விளங்காது. கேட்கிற தமிழருக்கு உடனே பசிக்கும்.

நாங்கள் கலியாணப் பேச்சை எடுத்த மாதம்தான் முதல் நாய் வீட்டுக்கு வந்தது. இதைத் தற்செயல் என்று பவானி சொல்கிறாள். நான் நம்பவில்லை.

குளிர்காலம் பிறந்தால் சனி, ஞாயிறு விடிவதற்கு முன்னமே நாய்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். மத்தியானம் சேறும் சிரிப்புமாகத் திரும்பி வருவாள். பைன் மரக் காடு என்றாள், நாயோட்டம் என்றாள். யாரோ ஒரு பெடியனோடு சுற்றுகிறாள் என்று நான் நினைத்தேன். ஆகவே ஒரு சனிக்கிழமை நானும் வருகிறேன் என்று காரில் ஏறிவிட்டேன்.

காட்டுக்குள் போய்ப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாருடைய உடுப்பிலும் நாய்மயிர், கையில் சுடுதண்ணீர்ப் போத்தல். பெடியன் என்று சொல்லக்கூடிய வயதில் ஒருவரும் இல்லை. அது எனக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று இன்னும் தெரியவில்லை. பனி இல்லாத இடத்தில் மூன்று சில்லு வண்டி ஒன்றில் நாயைப் பூட்டி ஓட்டுகிறார்கள். ஓகஸ்டில் மலைக்கு ஏறி, உண்மையான பனியில் உண்மையான சறுக்குவண்டி. அந்த ஒரு வாரக்கடைசிக்குத்தான் மிச்சக் குளிர்காலம் முழுக்கப் பயிற்சி.

பூட்டும்வரை இரண்டும் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் யாரோ கொல்லுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். வண்டி அசைந்ததும் சத்தம் நின்றது. பிறகு கால்களின் சத்தம் மட்டும். வளைவில் ஆரணி ஏதோ ஒரு சொல் சொன்னாள், இரண்டும் வலப்பக்கம் திரும்பின. வீட்டில் நான் பத்துத் தரம் கூப்பிட்டாலும் திரும்பாத நாய்கள். அதைச் சொல்லப்போனால், வீட்டில் ஆரணியும் திரும்புவதில்லை.

எனக்கு அப்பாவின் வண்டிச் சவாரிப் பந்தய மாடுகள் ஞாபகம் வந்தன. அதில் ஏக்கம் ஒன்றும் இல்லை. அப்பா மாட்டுக்கு முட்டையும் உழுந்தும் கொடுத்தார், எங்களுக்குக் கஞ்சி. ஒரு சவாரிக்கு முதல்நாள் அவருடைய நல்ல மாடு வயிறு ஊதிச் செத்துப்போனது. பக்கத்து வளவுக்காரன் நஞ்சு வைத்துவிட்டான் என்றார். யாரும் காணவில்லை. ஏதாவது நச்சு இலையைத் தின்றும் இருக்கலாம். ஆனால் அப்பா சாகும்வரை அந்த வீட்டோடு பேசவில்லை, வேலியை மட்டும் வருடா வருடம் உயர்த்தினார். அப்பாவின் செத்தவீட்டுக்கு அந்த மனுசன் வந்து படலைக்கு வெளியே நின்றுவிட்டுப் போனான். உள்ளே வா என்று நானும் கூப்பிடவில்லை.

3

இந்த நாய்களைக் குளிரில் வளர்ப்பதில் எனக்கு முதலில் வந்த சந்தேகம், என்னுடைய பிள்ளைக்கு இரக்கம் இல்லையோ என்பதுதான்.

வெளியே புல் விறைத்து வெள்ளையாகக் கிடக்கும். நாய்கள் பின்வளவில் கம்பிக்கூட்டுக்குள், நிலத்திலிருந்து உயர்த்திய மரப்பெட்டியில், வெறும் வைக்கோலில் படுத்திருக்கும். ஒரு நாள் பொறுக்காமல் என்னுடைய பழைய கம்பளிச் சட்டையைப் புட்டுவுக்குப் போட்டு, வீட்டுக்குள் கூட்டிவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் இருத்தினேன். கொஞ்ச நேரத்தில் நாக்கைத் தொங்கப்போட்டு, ஓடிக் களைத்ததுபோல இளைக்கத் தொடங்கிவிட்டது.

"அப்பா, அவைக்குக் குளிரேல்லை. உங்களுக்குத்தான் குளிருது" என்றாள் ஆரணி. "ரெண்டு அடுக்கு மயிர் இருக்கு. உள் அடுக்கு பஞ்சு மாதிரி. கம்பளி போட்டா அது ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். அதுதான் டேஞ்சர்."

வைக்கோல் என்றால் ஈரம் வடிந்துவிடுமாம். குளிப்பாட்டக் கூடாது, மயிர் வெட்டக் கூடாது, வாரிவிட வேண்டும். குளிரில் நாய்க்குத் தாகம் தெரியாது. தண்ணீர் குடிக்காமல் ஓடினால் விழுந்துவிடும். ஆகவே இறைச்சி அவித்த தண்ணீரை இளஞ்சூட்டில் கலந்து, ஏமாற்றிக் குடிக்க வைக்கிறாள். ஓட்டத்துக்கு முன் வெறும் வயிறு, ஓடி முடிந்து இளைப்பு அடங்கிய பிறகுதான் சாப்பாடு. பனியில் ஓடிவந்தால் கால்விரல்களுக்கு இடையில் பனி உருண்டு கட்டியாகும். அதை ஒவ்வொரு விரலாக விரித்து எடுத்து மெழுகு தடவுகிறாள். எனக்கு முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் "பனடோல் போடுங்கோ அப்பா" என்பாள். நாயின் விரலுக்கு மெழுகு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டளை. "எங்கட சாப்பாடு ஒண்டும் குடுக்கக்கூடாது. ஒரு சோறுகூட. பிளீஸ் அப்பா." நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்தச் சொல்லை நான் காப்பாற்றினேன் என்றுதான் கடைசிவரை நினைத்திருந்தேன்.

4

அடுத்த வீட்டுக்காரர் நியாஸ். யாழ்ப்பாணத்தில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்த முஸ்லிம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் ஏன் புத்தளத்தில் வளர்ந்தார் என்பது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பேசியதில்லை. வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை செய்வார். மனைவி, பிள்ளைகள், வயதான தகப்பன். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும், தைப்பொங்கலுக்கு நாங்கள் பொங்கல் கொடுப்போம். வட்டிலப்பத்தை நான் சந்தேகப்பட்டதில்லை. அது வேறு விசயம்.

ஆனால் நாய்கள் வந்தபின் அந்த வீடு கொஞ்சம் மாறியது. புட்டுவும் சம்பலும் குரைப்பதில்லை, ஊளையிடும். அம்புலன்ஸ் போனால் ஊளை, மழை வந்தால் ஊளை, ஆரணி வேலைக்குப் போனால் நெடிய ஊளை. நியாஸின் பிள்ளைகள் பந்து விழுந்தாலும் எடுக்க வருவதை விட்டார்கள். ஒருநாள் கவுன்சிலிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, எனக்கு அழைப்பு. அயலில் ஒருவர் நாய்ச்சத்தம் பற்றி முறையிட்டிருக்கிறார். யார் என்று கேட்டேன். முறையிட்டவரின் பெயர் சொல்ல முடியாது என்றாள் பேசிய பெண். இந்த நாட்டில் இது ஒரு வசதி. கோள் சொல்லலாம், முகம் காட்டத் தேவையில்லை.

பின்வீட்டுக்காரிக்குக் காது கேளாது. இடப்பக்க வீடு பூட்டிக் கிடக்கிறது. மிச்சம் யார்? நான் கணக்குப் பார்த்துவிட்டு வேலியைப் பார்த்தேன். அன்றிலிருந்து நியாஸ் "அண்ணை, சுகமா?" என்று கேட்டால், ஏன் கேட்கிறார் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

5

இந்த வருட மலைப்பயணம் ஆடி அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை என்று முடிவாயிற்று. அமாவாசை வியாழக்கிழமை.

கோயிலிலிருந்து வந்ததும் பவானி சமைத்தாள். பருப்பு, வாழைக்காய், பூசணி, பெட்டியில் உறைந்து வந்த காத்தோட்டிக்காய், வடை. பாயாசம் மட்டும் என் பொறுப்பு. அப்பாவுக்குப் பாயாசத்தில் பிளம்ஸ் தாராளமாகக் கிடக்க வேண்டும், பாயாசத்தை விடப் பிளம்ஸ் கூட இருந்தால் இன்னும் சந்தோசம். பிளம்ஸ் என்று நாங்கள் சொல்வது உலர்ந்த திராட்சையை. உயிரோடு இருக்கையில் அவருக்கு வேண்டியமட்டும் வாங்கிக் கொடுக்க வசதி இருக்கவில்லை. ஆகவே இப்போது பக்கற்றைக் கவிழ்ப்பேன்.

காகம் எடுத்த பிறகுதானே நாங்கள் சாப்பிட வேண்டும்? வாழையிலைத் துண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து, நடுவில் பாயாசத்தை நிறைய ஊற்றி, பின்வளவில் தோட்டச் சாமான் போடுகிற பெட்டியின் மேல் வைத்தேன். கா, கா என்று கூப்பிட்டேன். இந்த ஊர்க் காகத்துக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ, தொண்டை கட்டினதுபோல ஒன்று தூரத்தில் பதில் சொன்னது, கிட்ட வரவில்லை. கூட்டுக்குள் புட்டு கம்பியில் மூக்கை வைத்து அழுதுகொண்டிருந்தது. அப்பாவின் நாளில் ஒரு வாயில்லாச் சீவன் அழுகிறதே என்று கதவைத் திறந்து வளவுக்குள் விட்டேன். சம்பல் தூக்கம். குளிர் காதைப் பிடுங்கியது. உள்ளே வந்துவிட்டேன்.

கொஞ்சம் பொறுத்து குசினி யன்னலால் பார்த்தபோது இரண்டு காட்சிகள் கண்டேன். ஒன்று, வேலிக்கு மேலே நியாஸின் கை உயர்ந்து எங்கள் வளவுக்குள் எதையோ எறிந்தது. இரண்டு, பெட்டிக்கு மேல் இலை வெறுமையாக இருந்தது.

"காகம் எடுத்திட்டுது!" என்றேன் பவானியிடம். என் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் இங்கே இலை முழுதாக வெறுமையானது அதுதான் முதல் தடவை. சந்தேகமே இல்லாமல் நான் நம்பியது, இந்த நாட்டுக்கு வந்தபின், அந்த ஒன்றைத்தான். நியாஸின் கையை மட்டும் மனதில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

6

வெள்ளிக்கிழமை காலை ஆரணி வேலைக்குப் போய்விட்டாள். பவானி காரை எடுத்துக்கொண்டு சாமான் வாங்கப் போய்விட்டாள். மத்தியானத்துக்குக் கிட்ட, சம்பல் ஊளையிடுகிற சத்தத்தில் ஏதோ வித்தியாசம் இருந்தது. போய்ப் பார்த்தேன். புட்டு வைக்கோலில் சரிந்து கிடந்தது. பக்கத்தில் சத்தி எடுத்த வாந்தி. இறைச்சித் தண்ணீரைத் தொடவே இல்லை. கூப்பிட்டேன். கண் மட்டும் திரும்பியது.

அப்பாவின் மாடு என் கண்ணுக்கு முன் வந்து நின்றது. ஓட்டத்துக்கு முதல்நாள். வேலிக்கு மேலே ஒரு கை.

நான் செய்ததை உள்ளபடி எழுதுகிறேன். மிருக வைத்தியருக்கு ரெலிபோன் எடுக்கவில்லை, மகளுக்கு எடுக்கவில்லை. கவுன்சிலுக்கு எடுத்தேன். இசை கேட்டுக் காத்திருந்தேன். ஒரு பெண் வந்தாள். அயலவர் எங்கள் நாய்க்கு நஞ்சு வைத்துவிட்டார் என்றேன். பெயர், வீட்டு இலக்கம் கேட்டாள், சொன்னேன்.

"சந்தேகமா, நேரில் கண்டீர்களா?" என்று கேட்டாள்.

வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்டவன், அந்த ஒரு இடத்தில் சந்தேகம் என்று சொல்லியிருக்கலாம். கண்டேன் என்றேன். கையைக் கண்டேன்தானே?

ரெலிபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் வேலிக்கு மேலே நியாஸின் தலை. "அண்ணை, நாய்க்கு என்ன? சத்தம் வேற மாதிரிக் கேட்டுது." ஜும்ஆத் தொழுகைக்குப் போக வெள்ளை ஜுப்பா போட்டு ஆயத்தமாக நின்றார். கார் இல்லை என்றேன். வேலியைச் சுற்றி ஓடிவந்தார். கூட்டு வாசலில் ஒரு கணம் நின்றார். நாயைத் தொட்டால் அவர்களுக்குக் கழுவிச் சுத்தமாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பிறகு குனிந்து புட்டுவைக் கையில் அள்ளினார். அது அவருடைய நெஞ்சில் சத்தி எடுத்தது.

நான் அவருடைய காரின் பின் ஆசனத்தில் புட்டுவின் தலையை மடியில் வைத்திருந்தேன். முன்னால் அவருடைய பிடரி. வேலை முடிந்துவிட்டதா என்று பார்க்கத்தான் வருகிறாரோ என்று யோசித்தேன். சத்தியமாக அப்படித்தான் யோசித்தேன். கண்ணாடியில் அவர் கண்ணும் என் கண்ணும் ஒருதரம் சந்தித்தன. அவர் உடனே வீதியைப் பார்த்தார்.

மிருக வைத்தியசாலையில் ஒரு இளம் வைத்தியர். நேற்று என்ன தின்றது, சொக்லேற், வெங்காயம், திராட்சை ஏதாவது என்று கேட்டாள். ஒன்றுமே இல்லை, நாங்கள் கொடுப்பதில்லை என்று அடித்துச் சொன்னேன். "நஞ்சு" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

நியாஸ் என் கையைத் தொட்டார். "அண்ணை, நேத்து அந்தப் பெட்டிக்கு மேல சாப்பாடு வச்சீங்களே. நான் ஏணியில ஏறிக் கூரைப் பீலி துப்புரவாக்கிக்கொண்டு நிண்டனான். இந்த வெள்ளை நாய்தான் ஏறி முழுக்கத் திண்டது. காகத்துக்கு வச்சதெல்லோ எண்டு நான் இறங்கிவந்து வேலிக்கு மேலால இலைகுழை எடுத்து எறிஞ்சு கலைச்சனான். அது கேக்கேல்லை. இலையை நக்கிப்போட்டுத்தான் போனது."

வைத்தியர் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாயாசத்தில் என்ன இருந்தது என்று நான் சொல்லவேண்டி வந்தது. ஒரு கை திராட்சை போதுமாம், நாயின் சிறுநீரகம் நின்றுவிடும். உடனே நரம்பில் தண்ணீர் ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று நாள் போனால்தான் சொல்லலாம் என்றாள். அப்பாவுக்குப் போனது என்று நான் கண் கலங்கிய சோறு அந்த மேசையில் புட்டுவின் உடம்புக்குள் கிடந்தது.

நியாஸ் ஜும்ஆவுக்குப் போகவில்லை. நேரம் தப்பிவிட்டது, உடுப்பும் அப்படி. நான் நன்றி சொன்னேனா என்பது ஞாபகம் இல்லை.

7

ஆரணி ஆஸ்பத்திரி உடுப்போடு வந்து புட்டுவின் கூண்டுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். காகச் சோற்றைப் பற்றிச் சொன்னபோது அவள் கத்தவில்லை. "யூ டிட்ன்ட் நோ, அப்பா" என்றாள். கவுன்சிலைப் பற்றிச் சொன்னபோதுதான் தலையை நிமிர்த்தினாள்.

"டொக்டருக்கு முதல் கவுன்சிலுக்கா எடுத்தனீங்கள்?"

மலைப்பயணம் இல்லையென்று ஆயிற்று. புட்டு பிழைத்தது. மெலிந்து, ஒரு காலில் மயிர் வழித்து, திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தது. இந்தக் குளிர்காலம் வண்டியில் பூட்டக் கூடாது. ஆரணி அன்றைக்கே கடைக்குப் போய்ப் பூட்டு ஒன்று வாங்கி நாய்க்கூட்டில் போட்டாள். திறப்பு அவளிடம். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் கவுன்சிலுக்குத் திரும்ப எடுத்தேன். பிழை நடந்துவிட்டது, முறைப்பாட்டை எடுத்துவிடுங்கள் என்றேன். அப்படி எடுக்க முடியாதாம். வேண்டுமென்று நஞ்சு வைப்பது பாரதூரமான குற்றம், கண்டதாகச் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள், ஓர் அதிகாரிக்குக் கோப்பு போய்விட்டது, அவர் அந்த வீட்டுக்குப் போய் விசாரித்துத்தான் மூட வேண்டும். புதன்கிழமை வருவார்கள். "கவலைப்படாதீர்கள், உங்கள் பெயர் வெளியே போகாது" என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

பவானிக்கு அதுதான் வழியாகப் பட்டது. "பேர் சொல்லமாட்டாங்கள்தானே? வந்து கேட்டிட்டுப் போகட்டும். அவர் ஒண்டும் செய்யேல்லை, ஒண்டும் நடக்காது. நீங்கள் போய்ச் சொல்லி, இருக்கிற உறவையும் கெடுக்காதேங்கோ."

நல்ல புத்திதான். நான் வாயை மூடியிருந்தால் போதும். வட்டிலப்பம் வரும், பொங்கல் போகும். நியாஸ் தன் வாழ்நாள் முழுக்க யார் யார் என்று அயலெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பார். அந்த யோசனை எப்படி அரிக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அன்று பின்னேரம் வேலியைச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினேன்.

வாசலிலேயே நின்று சொன்னேன். இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினார், நான் இருக்கவில்லை. கேட்டு முடிக்கும்வரை கதவு நிலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"காரிலேயே தெரியும் அண்ணை" என்றார். "கண்ணாடியில நீங்கள் பாத்த பார்வை. அது எங்களுக்குத் தெரிஞ்ச பார்வைதான்." பிறகு, "ஊளைக்குக் கவுன்சிலுக்கு எடுத்தது நான். அதில நீங்கள் நினைச்சது சரி. ஊர் விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு விட்டிட்டு வந்த நாயள் எல்லாம் தெருவில நிண்டு ஊளையிட்டதாம். இப்ப இதுகள் தொடங்கினா வாப்பா சாப்பிடமாட்டார்" என்றார்.

அன்றைக்குத்தான், இத்தனை வருடத்துக்குப் பிறகு, அந்தக் கதையை அவர் வாயால் கேட்டேன். ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்ததாம். முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியே கூப்பிட்டு, சில மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்களாம். சொன்னவர்கள் இயக்கத்தில் இருந்த எங்கள் பெடியள். ஆளுக்கு ஒரு பைதான். மிச்சம் எல்லாம் அப்படியே. நாங்கள் அப்போது எங்கே இருந்தோம் என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்குள்தான் இருந்தோம். கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம்.

"எனக்கு உங்களில கோவம் இருக்கு. இல்லையெண்டு சொல்லமாட்டன்" என்றார் நியாஸ். "அது பிறகு. இப்ப வாப்பாவைத்தான் யோசிக்கிறன். யூனிபோம் சட்டைபோட்ட ஆள் யாரும் கதவைத் தட்டினா அவர் சாமான் கட்டத் தொடங்கிடுவார். மீற்றர் பாக்க வாறவனுக்கே கட்டுவார். புதன்கிழமை நீங்கள் இஞ்ச வந்து இருங்கோ. அவங்களுக்கு நீங்களே சொல்லுங்கோ."

8

புதன்கிழமை நேரத்தோடு போய்விட்டேன். அந்த வீட்டின் வரவேற்பறையில் முதல் முறையாக உட்கார்ந்தேன். கிழவர் அறைக்குள் படுத்திருக்கிறார் என்றார் நியாஸ். நியாஸின் மனைவி தேத்தண்ணீர் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

கவுன்சில் முத்திரை போட்ட சட்டையோடு ஒரு பெண் வந்தாள். மரியாதையானவள். சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டாள். நியாஸின் பெயரைச் சொல்லித் தொடங்கும்போது நான் எழும்பினேன். முறைப்பாடு செய்தவன் நான்தான், இவர் நஞ்சு வைத்ததை நான் காணவில்லை, கண்டதாகச் சொன்னது பொய், நாய்க்கு நஞ்சு கொடுத்தது என்னுடைய கை. தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே, நீங்கள் இந்த வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். அடுத்த வீடு என்றேன். பொய்ச் சாட்சிக்கு எனக்கு எச்சரிக்கை வரலாம் என்றாள். வரட்டும் என்றேன். நியாஸைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். அவள் எதற்குக் கேட்க வேண்டும்?

அவள் கதவடிக்குப் போகையில் உள்ளே ஏதோ அசைகிற சத்தம் கேட்டது. கிழவர் அறை வாசலில் நின்றார். தொப்பி போட்டு, கோட் போட்டு, சப்பாத்தும் போட்டிருந்தார். கையில் ஒரு சின்னப் பை, வாய் கட்டியபடி. மகனைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தான் என்று முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும், நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, எவ்வளவு நேரம் தந்திருக்கினம்?"

"வாப்பா, அது நாய் விசயம்" என்று நியாஸ் ஓடிவந்தார். நான் பையை வாங்கக் கை நீட்டினேன். "ஐயா, ஒருத்தரும் எங்கேயும் போகத் தேவையில்லை. நான் பக்கத்து வீடுதான். ஒண்டும் நடக்காது."

கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை.

"அண்டைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் உப்பிடித்தான் சொன்னவர்" என்றார். பையை விடவில்லை.